விழித்திரையின் ரத்த ஓட்டத்தைச் சாயமின்றிக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராபி: செயல்படுவது எவ்வாறு?

நீரிழிவு நோயால் விழித்திரையின் நுண்ணிய ரத்த நாளங்கள் பழுதடையும்போது தொடக்கத்தில் வலியோ பார்வைக் குறைவோ ஏற்படுவதில்லை. பார்வை மங்குவதை நோயாளி உணரும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்கு முன்பே நாளங்களின் நிலையை அறிய உதவும் பரிசோதனைகளில் ஒன்று ஓசிடி ஆஞ்சியோகிராபி.

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்ற ஆய்வு 2023-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. நீரிழிவு உள்ள, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாக 2022-இல் வெளியான ஸ்மார்ட் இந்தியா ஆய்வு தெரிவித்தது. பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் 4 சதவீதம்.

விழித்திரை ரத்த நாளங்களைப் படம்பிடிக்க நீண்டகாலமாகப் பயன்படும் முறை ஃப்ளோரெசின் ஆஞ்சியோகிராபி. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான ஹரால்ட் நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் ஆகியோர் 1961-இல் இம்முறையை விவரித்தனர். கையில் ஊசி மூலம் செலுத்தப்படும் சாயம் கண்ணை அடைந்ததும் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கப்படும். சிலருக்குக் குமட்டல், வாந்தி ஏற்படலாம். அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் உண்டாகலாம்.

புதிய முறையில் ஊசியோ சாயமோ தேவையில்லை. 1991-இல் அறிமுகமான ஓசிடி தொழில்நுட்பம், திசுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டுகிறது. அதன் வளர்ச்சியான ஓசிடி ஆஞ்சியோகிராபியில் ஒரே இடம் மிகக் குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் படம்பிடிக்கப்படுகிறது. அசையாத திசு எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி தெரியும். நாளங்களுக்குள் ரத்த அணுக்கள் நகர்வதால் அங்கு திரும்பும் ஒளி மட்டும் படத்துக்குப் படம் மாறும். இந்த வேறுபாட்டைக் கணினி பிரித்தெடுத்து, ரத்த நாளங்களின் வரைபடமாக மாற்றுகிறது.

மேலடுக்கு, ஆழமான அடுக்கு ஆகியவற்றின் நாளங்களைத் தனித்தனியே காண முடிவது இதன் சிறப்பு. பார்வையின் மையப் பகுதியில் நுண்நாளங்கள் அடைபட்டு, ரத்தமற்ற பரப்பு விரிவடைவதையும் இது காட்டும்.

எனினும், நாளங்களிலிருந்து திரவம் கசிவதை இம்முறை நேரடியாகக் காட்டாது. கண் அசைந்தாலோ கண்புரை இருந்தாலோ படத்தின் தெளிவு குறையும். ரத்தம் மிக மெதுவாக ஓடும் நாளம் படத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், கருமையாகத் தோன்றும் இடமெல்லாம் அடைப்பு அல்ல. எனவே சாயப் பரிசோதனையின் தேவை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

நீரிழிவு உள்ள அனைவருக்கும் இந்த ஸ்கேன் அவசியமில்லை. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடன் ஒருமுறையும், பின்னர் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும் விழித்திரையைப் பரிசோதிப்பதே முதல் தேவை. ஸ்கேன் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். லேசர், கண் ஊசி ஆகிய சிகிச்சைகள் எஞ்சிய பார்வையைக் காக்க உதவும். ஆனால் இழந்த பார்வையை முழுமையாக மீட்பது பல நேரங்களில் இயலாது என்பதால், பார்வை தெளிவாக இருக்கும்போதே பரிசோதனைக்குச் செல்வது அவசியமாகிறது.