ஊர்க்காரர் அதிகமானால் பூஜ்யம்

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவருக்கு ஊர்க்காரர் சொல்லே சிபாரிசு. இன்று அதே வட்டாரத்து வங்கிகளில் வேலை தேடும் இந்தியப் பட்டதாரிக்கு, உள்ளே ஊர்க்காரர்கள் மிகுந்திருப்பதே இடைஞ்சலாகலாம்.

வெளிநாட்டு அதிகாரிகளுக்கான வேலை அனுமதிக்கு 2023 செப்டம்பரில் மதிப்பெண் முறை வந்தது. தேற 40 வேண்டும். அரசுப் பட்டியலில் உள்ள சிறந்த பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20, மற்றப் பட்டங்களுக்கு 10. சிக்கல் அடுத்த கட்டத்தில். நிறுவனத்தின் அதிகாரி நிலை ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 சதவீதத்துக்குக் குறைவென்றால் 20. 25 சதவீதத்தை எட்டிவிட்டால் பூஜ்யம். (சிறு நிறுவனங்களுக்கு இதில் சலுகை உண்டு.) நேர்முகத் தேர்வில் என்னதான் சாமர்த்தியம் காட்டினாலும் இந்தப் பூஜ்யம் மாறாது. சம்பளம், பட்டம் போன்ற மற்ற அளவுகோல்களில்தான் ஈடுகட்ட வேண்டும்.

சம்பளத்திலும் நிதித்துறைக்குத் தனிக் கெடுபிடி. 2025 ஜனவரியில் மற்ற துறைகளுக்கு மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்தவர்கள், நிதித்துறைக்கு 6,200 என்றார்கள். அதுவும் இளைஞர்களுக்கு; வயதோடு வரம்பும் ஏறும்.

மாதம் 22,500 டாலருக்கு மேல் வாங்குபவருக்கு மதிப்பெண் சோதனையே கிடையாது. முதல் வேலை தேடுபவருக்கு அதை யார் தருவார்கள்?