விலையில்லா மடிக்கணினிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது

மணலூர்பேட்டையில் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளும் பொங்கலோடு சேர்த்து அதற்கும் இருந்துவிட்டுப் போவார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை என்றால் வீட்டில் ஒரு வேலை காத்திருக்கும். “பீரோ மேல அந்த லேப்டாப் கிடக்குதுப்பா. ஆன் பண்ணா விடிஞ்சிடுது. கொஞ்சம் பாரேன்.”

பெரும்பாலும் அது அரசு கொடுத்த மடிக்கணினியாகத்தான் இருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திருவள்ளூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே, விழுப்புரம் மாவட்டக் கணக்கில் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இன்றைக்கும் அதுவே கடைசி கம்ப்யூட்டராக இருக்கும் வீடுகள் உண்டு.

கடைக்காரரிடம் கொண்டுபோனால் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, “ஃபார்மட் அடிச்சிடலாம்.” இன்னொன்று, “இது பழசு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.” இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதிலும் பாதிக்குக் காசே செலவில்லை.

முதலில் எது மெதுவாக்குகிறது என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 முதல் வந்த பதிப்புகளில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று பக்கத்துப் பக்கத்தில் சதவீதம் காட்டும். நாம் எதையுமே திறக்காதபோதும் டிஸ்க் 100-இல் நின்றால், சிக்கல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. மெமரி 90-ஐத் தொட்டால் ரேம் போதவில்லை. இதைப் பார்க்காமல் ஃபார்மட் அடிப்பது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமலே ஊசி போடுவதுதான்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் என்று ஒரு பகுதி உண்டு. நாம் கூப்பிடாமலே, ஆன் செய்ததும் ஓடி வந்து உட்காரும் மென்பொருள்களின் பட்டியல் அது. வீடியோ கால் செயலி, பிரிண்டருக்கு எப்போதோ போட்ட உதவி மென்பொருள், இரண்டாவது ஆன்டிவைரஸ் என்று நீளும். வைரஸ் தடுப்பு, ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிட்டு மற்றதை டிசேபிள் செய்யலாம். எதுவும் அழிந்துவிடாது, வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருக்கும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற ஏற்பாடு வந்தது. அது இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடுவதில்லை. அன்றைய நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. “தினமும் ஆஃப் பண்ணித்தானே வைக்கிறேன்” என்பவரின் கணினி மாதக்கணக்கில் முழுதாக மூடப்படாமலே இருக்கலாம். வாரம் ஒரு முறை ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

அடுத்தது அலங்காரம். விண்டோக்கள் மிதந்து வருவது, நிழல் விழுவது எல்லாம் பழைய கணினிக்குச் சுமை. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஆங்கிலத்தில் சொல்லித் தருபவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழ் படிப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபான்ட்ஸ்’ என்பதில் மட்டும் திரும்ப டிக் போடுங்கள். இல்லையென்றால் ணகரமும் ழகரமும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். வேகம் கிடைத்தும் படிக்க முடியாது.

எழுத்துரு பற்றி இன்னும் கொஞ்சம். விண்டோஸ் 10 போட்டதும் பழைய தமிழ்க் கோப்புகள் வேறு மாதிரி தெரிகின்றன என்று டிடிபி வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு. லதா, விஜயா எழுத்துருக்கள் இப்போது தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையும் விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. தனி மென்பொருள் தேடி, அதோடு சேர்ந்து வரும் குப்பையை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘உங்கள் கணினியில் பிழைகள் இருக்கின்றன, ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்’ என்று விளம்பரம் காட்டும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். வேகம் கூடுவதில்லை, ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துவிடுவதுண்டு. தற்காலிகக் கோப்புகளைத் துடைக்க விண்டோஸிலேயே டிஸ்க் கிளீனப் இருக்கிறது.

இவ்வளவும் செய்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் மலைக்க மாட்டீர்கள். மலைக்க வைப்பது எஸ்எஸ்டி ஒன்றுதான்.

பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கில் உண்மையிலேயே ஒரு தட்டு சுழல்கிறது, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஊசிமுனை அந்த இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து மில்லி செகண்டு. கேட்கச் சின்னதுதான்; விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான முறை இப்படித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. தேடும் நேரம் அதில் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் சிபியு அதேதான், ரேம் அதேதான் என்றாலும் கணினி வேறு ஆளாகிவிடுகிறது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். சில ஆயிரம் ரூபாயில் முடியும். கழற்றிய டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால், கல்யாண ஃபோட்டோக்களைச் சேர்த்துவைக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆயிற்று. எஸ்எஸ்டி போட்ட பிறகு பழைய பழக்கத்தில் டிஃப்ராக் மட்டும் செய்யாதீர்கள். பயனில்லை, தேய்மானம்தான் மிச்சம்.

ரேம் அதற்கு அடுத்தபடி. 2 ஜிபி என்பது இன்றைய ப்ரௌசருக்கே காணாது. 4 ஜிபி கட்டாயம். வாங்கும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒன்று போலிருக்கும், வோல்டேஜ் வேறு. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் வாங்குவது வீண் செலவு.

சாலைப் புழுதிக்கும் அறுவடைத் தூசிக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை. உள்ளே ஃபேனில் தூசி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி போடத் திறக்கும்போதே சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். தீப்பிடிக்கும் பொருள் அது.

மிச்சமிருப்பது விண்டோஸ். இங்கேதான் உண்மையான சிக்கல். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிந்துபோனது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் எட்டாம் தலைமுறை அளவுக்கான சிபியுவும் வேண்டும். 2011, 2014-இல் வந்த பெட்டிகளில் அது நடக்காது. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் திறக்கிற கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, இந்திய மொழிகளுக்கென்றே செய்தது. வாங்கிய பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் வாரமே செய்த வேலை, அதை அழித்துவிட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்தது. சொல்லித்தர ஆளில்லை, படத்துக்கும் கேமுக்கும் விண்டோஸ்தான் என்று பேச்சு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று அதே பெட்டிக்கு விண்டோஸ் கதவைச் சாத்திவிட்டது. லினக்ஸ் சாத்தவில்லை. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ரேமில் நிற்கும், 4 ஜிபியில் நன்றாகவே ஓடும். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்கில் எதையும் தொடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிரந்தரமாகப் போடலாம். ப்ரௌசர், லிப்ரே ஆஃபீஸ், தமிழ்99 எல்லாம் கிடைக்கும். டேலி போட்டுக் கணக்கு எழுதும் கடைக்கும், வானவில் எழுத்துருவில் பழைய கோப்புகள் குவிந்திருக்கும் டிடிபி சென்டருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன். பிள்ளை படிக்கவும், பட்டா சிட்டா பார்க்கவும், விண்ணப்பம் அனுப்பவும் இருக்கும் வீட்டுக் கணினிக்கு இது தாராளம். கேட்டுச் செய்ய ஆள் வேண்டுமென்றால் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லித் தருவதையே வேலையாக வைத்திருப்பவர்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று சொல்லவில்லை. 1 ஜிபி ரேமோடு வந்த ஆட்டம் சிபியு பெட்டி, மதர்போர்டு போன பெட்டி, கீல் உடைந்து திரை தொங்கும் பெட்டி இவற்றுக்குச் செலவழிப்பது வீண். மற்றவற்றுக்கு எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள். அதற்கு முன், மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் ஃபோட்டோக்களும் ஒரு பென் டிரைவில் ஏறிவிட்டனவா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்காரர் கையில் பெட்டியைக் கொடுங்கள்.