பனி நீராட்டும் நொய்யற் படித்துறையும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு எழுந்திருப்பதே ஒரு வீரச் செயல் என்று கருதுவோர் நம்மில் பலர் உண்டு. அதிலும் மேற்கே வெள்ளியங்கிரியும் வடமேற்கே நீலகிரியும் பனிமூட்டத்துக்குள் மறைந்து நிற்கும் கோயம்புத்தூர்ச் சீமையில், வெப்பமானி 18 டிகிரிக்கு இறங்கிவிட்டால் போதும். தலையில் மப்ளரும் கையில் காப்பித் தம்ளருமாக ஜனங்கள் உலகத்தின் வட துருவத்துக்கே வந்துவிட்டதுபோல் நடுங்கத் தொடங்கிவிடுவார்கள். இத்தகைய அன்பர்களிடம் சென்று, "உறைந்து கிடக்கும் ஏரியில் பனிக்கட்டியை அறுத்து வழி செய்துகொண்டு நீந்தப் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்டால், கேட்டவனுக்குச் சித்தப் பிரமை என்றே முடிவு செய்வார்கள்.

ஆனால் இந்தப் பைத்தியம் உலகத்தில் பல ஆயிரம் பேருக்கு இருக்கிறது!

அமெரிக்காவின் வடகோடியில் வெர்மாண்ட் மாகாணத்தில் நியூபோர்ட் என்னும் சிற்றூர் உண்டு. அதன் அருகிலுள்ள மெம்பிரமேகாக் ஏரி கனடா நாட்டு எல்லையையும் தாண்டி நீண்டு கிடக்கிறது. பிப்ரவரி மாதத்தில் அந்த ஏரியின் மேல் மனிதர் நடக்கலாம். அவ்வளவு கெட்டியாக உறைந்திருக்கும். 2015-ஆம் ஆண்டில் அங்குள்ளோர் ஒன்று கூடி, பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்தெடுத்து 25 மீட்டர் நீளத்தில் ஒரு நீச்சல் தடாகம் அமைத்துப் போட்டி நடத்தினார்கள். அன்று தொடங்கிய திருவிழா ஊரின் பெருமையாகிவிட்டது. நீந்துவோரில் இளைஞரும் உண்டு. பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. விசித்திரமான தொப்பிகளை அணிந்துகொண்டு, தொப்பி நனையாமல் தவளை நீச்சல் அடிப்பது அவ்விழாவின் வேடிக்கைகளில் ஒன்று. கரையில் கம்பளிக்குள் புதைந்து நிற்கும் கூட்டத்தார் கைதட்டி ஆரவாரிக்கிறார்கள்.

பின்லாந்து தேசத்தாருக்கு இது திருவிழாவே அன்று, அன்றாட வழக்கம். 'சவுனா' என்னும் வெந்நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்திருந்துவிட்டு, பனிக்கட்டியில் வெட்டிய துவாரத்தின் வழியாக ஏரியில் இறங்கி எழுவார்கள். குளிர்கால நீச்சலுக்கான முதல் உலகப் போட்டி 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைநகரான ஹெல்ஸிங்கியிலேயே நடந்தது. ருஷிய நாட்டில் ஜனவரி 19-ஆம் தேதி ஏசுநாதர் ஞானஸ்நானம் பெற்ற திருநாள். அன்றிரவு உறைந்த ஆற்றில் சிலுவை வடிவாகத் துளை செய்து, மூன்று முறை மூழ்கி எழுகிறார்கள். லண்டன் நகரத்து ஹைட் பூங்காவில் செர்ப்பெண்டைன் ஏரிக்கரையில் 1864-ஆம் ஆண்டு முதல் ஒரு நீச்சல் சங்கம் இருந்து வருகிறது. அது கிறிஸ்துமஸ் காலையில் நடத்தும் பந்தயத்துக்கு, 'பீட்டர் பான்' என்னும் பாத்திரத்தைப் படைத்த ஜே. எம். பாரி 1904-இல் ஒரு கோப்பையை அளித்தார். இன்றும் அதன் பெயர் பீட்டர் பான் கோப்பைதான்.

இவ்வளவு சிரமம் எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். குளிர்ந்த நீர் உடம்பில் பட்டதும் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக இரைக்கும், நாடி துடிக்கும். இரண்டு மூன்று நிமிஷங்களில் அந்த அதிர்ச்சி தணிகிறது. கரையேறியதும் உடம்பெங்கும் ரத்தம் பாய்ந்து ஓர் உற்சாகம் பிறக்கிறது. அந்த உற்சாகத்துக்காகவே மறுபடியும் வருகிறோம் என்கிறார்கள். ஆயினும் இது விளையாட்டுக் காரியமன்று. நீர், காற்றைக் காட்டிலும் பல மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். இருதய நோயுள்ளவர்கள் இறங்கலாகாது; மது அருந்தியவர் கிட்டேயும் வரலாகாது; எவரும் தனியாக இறங்கலாகாது. இந்த மூன்றாவது விதிதான் நம் கவனத்துக்கு உரியது. குளிர்நீரில் தனியாக இறங்குவது ஆபத்து. கூடி இறங்குவது திருவிழா.

தைந்நீராடல்

இதையெல்லாம் மேனாட்டாரின் விநோதம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. நம்மவர் இதை ஈராயிரம் ஆண்டுகளாக அறிவார்கள். குறுந்தொகையில் ஒரு தோழி, மிகுந்த குளிர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகத் தை மாதத்துப் பறம்பு மலைச் சுனைநீரைத்தான் சொல்கிறாள். பரிபாடலின் வையைப் பாட்டு ஒன்று திருவாதிரையை ஒட்டிய பனிக்கால நீராட்டைக் காட்டுகிறது. முதிய பெண்டிர் முறை சொல்லிக் கொடுக்க, கன்னிப் பெண்கள் விடியலில் ஆற்றில் ஆடுகிறார்கள். ஊதைக் காற்று வீசுகிறது. கரையில் வேதியர் வளர்த்த தீயை அணுகிக் குளிர் காய்கிறார்கள். குளிர்நீரும் அதன் பக்கத்தில் ஒரு நெருப்பும்! பின்லாந்துக்காரர் சவுனாவில் கண்ட இரகசியத்தை வையைக் கரையிலே நம் பெண்கள் என்றோ கண்டுவிட்டார்கள். பிறகு ஆண்டாளும் மாணிக்கவாசகரும் இந்த நோன்பைப் பக்திப் பாசுரங்களாகவே செய்து தந்துவிட்டபடியால், இன்றும் தமிழ்நாட்டு மார்கழி அவர்கள் குரலிலேயே விடிகிறது. வடக்கே பிரயாகையில் மாக மாதத்துக் குளிரில் லட்சக்கணக்கானோர் கங்கையில் மூழ்கி எழுவதை நாடறியும்.

கொங்கு நாட்டின் முறை இன்னும் அழகானது. மார்கழி முழுவதும் வாசலில் கோலமிட்டுச் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூச் சூட்டி வைப்பார்கள். அந்தப் பிள்ளையார்களை எறிந்துவிடுவதில்லை. காய வைத்துச் சேர்த்து வைப்பார்கள். பொங்கல் கழிந்த பின் பூப்பறிக்கும் நோம்பி வரும். ஊர்ப் பெண்கள் ஒன்றாய்ப் புறப்பட்டு, ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துக்கொண்டு ஆற்றுக்கோ குளத்துக்கோ சென்று, ஒரு மாதத்துப் பிள்ளையார்களையும் நீரில் கரைத்து விடை கொடுத்து வருவார்கள். வீட்டு வாசலில் தொடங்கிய மார்கழி, ஊர்ப் பொது நீரில் போய் முடிவது எவ்வளவு பொருத்தம்!

நீச்சலைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. கவலை கட்டி இறைத்த ஆழ்ந்த கிணறுகள் நிறைந்த பூமி இது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டால், குழந்தை தானே நீந்தக் கற்றுக்கொண்டு மேலே வரும். மார்கழிக் காலையில் அந்தக் கிணறுகளிலிருந்து ஆவி எழும்பும். காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குதிப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். குதித்தபின் ஏறுவதற்கு மனம் வராது.

படித்துறை யாருடையது?

இந்தப் பழம் பெருமையில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஊர்ப் பொதுக் கிணறு, ஊர்ப் பொதுக் குளம் என்று பெயர் இருந்ததே ஒழிய, ஊரார் அனைவருக்கும் அவை பொதுவாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் எட்ட நின்றார்கள். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதி மராட்டிய நாட்டு மகத் என்னும் ஊரில், டாக்டர் அம்பேத்கர் பெருங்கூட்டத்தாருடன் சவுதார் குளத்துக்குச் சென்று அதன் நீரை அள்ளிப் பருகினார். ஒரு கைத் தண்ணீருக்காக நடந்த அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை இவற்றைப் பயன்படுத்துவதில் சாதி மதம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு மகா தேசத்தின் அரசியல் சட்டம் குளிக்கும் படித்துறையை மறவாமல் குறிப்பிட்டது நமக்குப் பெருமையன்றோ?

படித்துறை எல்லோருக்கும் திறந்தது. ஆனால் அதே காலத்தில் தண்ணீர் நம்மை விட்டுப் போகத் தொடங்கியது. அதுதான் கொங்கு நாட்டின் சோகம்.

காஞ்சிமாநதி என்று புராணம் போற்றும் நொய்யலாறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரரை வணங்கி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. முன்னோர் இதில் சித்திரைச்சாவடி முதலாக அணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழிவிடும் சங்கிலியாகக் குளங்களை அமைத்தார்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று அவற்றின் பெயர்களைச் சொன்னாலே வாய் குளிரும். இன்று அந்தச் சங்கிலியில் வெள்ளத்தோடு சாக்கடையும் சேர்ந்து ஓடுகிறது. ஆகாயத்தாமரை மேலே பச்சைக் கம்பளம் விரிக்கிறது. திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணையில், சாயப்பட்டறைக் கழிவு தேங்கி நின்றது. உயிரூட்ட வேண்டிய நீர் வயலைக் கெடுக்கக் கண்ட விவசாயிகள் நீதி மன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் வெளிவிடாமல் சுத்திகரிக்க இயலாத சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. நம் தேசம் உடுக்கும் துணிக்கும் அயல்நாட்டார் உடுக்கும் துணிக்கும் சாயம் ஏற்றிய ஊர், அதன் விலையை ஆற்றிலே கொடுத்தது.

வெர்மாண்ட் வாசிகளுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அவர்களுடைய ஏரியை இயற்கை மூடி வைத்திருக்கிறது. அவர்கள் ரம்பம் கொண்டு திறக்கிறார்கள். நம்முடைய குளத்தை இயற்கை ஆண்டு முழுவதும் திறந்தே வைத்திருக்கிறது, நாம் மூடிவிட்டோம்.

மீட்க முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பாரிஸ் நகரில் ஸேன் நதியில் நீந்துவது 1923-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. சுமார் 140 கோடி யூரோ செலவிட்டுக் கழிவுநீரைத் தடுத்து நிறுத்தி, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் மறுபடியும் பொது ஜனங்கள் இறங்க வழி செய்துவிட்டார்கள். நூறு ஆண்டு இழந்ததைப் பெற்றார்கள். நம் கோவையிலும் 2013-ஆம் ஆண்டில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார மாணவரும் வணிகரும் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 2017 முதல் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு குளக்கரைக்குச் செல்லும் தொண்டர்களும் இருக்கிறார்கள். அதன் பின்னர்க் கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் குடும்பத்தோடு உலாவுகிறோம், மகிழ்ச்சிதான். ஆயினும் கரை அழகானால் போதுமா? குளம் என்பது பார்ப்பதற்கு மட்டும் ஏற்பட்ட படமா?

குளிக்கத் தகுந்த நீர் எது என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வகுத்திருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் உட்கொள்ளும் பிராணவாயு 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது. 100 மில்லிலிட்டரில் கோலிபார்ம் கிருமிகள் 500-க்கு மேற்படலாகாது. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு குளக்கரையிலும் பெரிய பலகையில் எழுதி, அந்தக் குளத்தின் அளவையும் மாதந்தோறும் பக்கத்தில் எழுதவேண்டும் என்று நாம் கேட்கிறோம். பரீட்சையில் பிள்ளை வாங்கிய மார்க்கைக் கேட்கிற பெற்றோர், அந்தப் பிள்ளை நீந்த வேண்டிய குளத்தின் மார்க்கையும் கேட்கட்டும். கிராம சுகாதாரத்தை நிர்மாணத் திட்டத்தில் ஒரு தனி அங்கமாக வைத்த காந்தியடிகள், இதைவிட அதிகமாக நம்மிடம் எதிர்பார்த்தார்.

முதலில் ஒரே ஒரு குளம் தேறட்டும். தேறிய ஆண்டில், தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே ஒரு நீராட்டு விழா நடக்கட்டும். நன்றாய் நீந்தத் தெரிந்தவர்கள் காவல் நிற்க, வைத்தியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கரையில் பெரிய தீ மூட்டி, சுக்குக் காப்பி காய்ச்சி, எல்லாத் தெருக்காரரும் எல்லாச் சாதிக்காரரும் ஒரே படித்துறையில் இறங்கட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் கொடுக்கட்டும். குடியரசுத் திருநாளும் தை மாதத்தில்தான் வருகிறது என்பதை நினைவூட்டுகிறோம். சட்டப் புத்தகத்தில் எழுதிய படித்துறை உரிமையைக் கொண்டாட, அதே படித்துறையில் தலை முழுகி எழுவதைக் காட்டிலும் சிறந்த வழி வேறு உண்டோ?

பனிக்கட்டியை அறுக்கும் சிரமம் கொங்கு நாட்டாருக்கு இல்லை. சாக்கடையைத் தடுக்கும் சிரமம் ஒன்றே பாக்கி. பாறையைக் குடைந்து கிணறு வெட்டி வெள்ளாமை கண்ட கொங்கு உழவரின் சந்ததிக்கு அதுவா பெரிய காரியம்?