பொது வேலி யாருடைய பொறுப்பு?

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் முதலிய பிரதேசங்களில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஊரல்ல, வேலிதான். முள்கிளுவையை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி, ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையே மைல் கணக்கில் ஓடுகிறது. இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் வழிக்குக் கொங்கு நாட்டார் இட்டேரி என்று பெயர் வைத்திருக்கின்றனர். இந்த வேலிகளைப் பற்றி இன்று அண்டை நிலத்தாருக்குள் எழும் சச்சரவு அற்ப விஷயமென்று பலர் எண்ணுகின்றனர். அது அற்ப விஷயமல்ல. அந்தப் பிரதேசத்தின் ஜீவனமே அதில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

காரணத்தைச் சற்று விஸ்தரிக்க வேண்டும். வருஷத்தில் சுமார் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணாத பூமி அது. பயிரை மாத்திரம் நம்பிப் பிழைக்க இயலாத குடியானவர்கள், நிலத்தின் ஒரு பகுதியைக் கொறங்காடாக விட்டனர். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி: இம்மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் அதனுள் மேய்ப்பவனில்லாமலே மேய்கின்றன. வேலிதான் அங்கே மேய்ப்பன். ஒரு காட்டில் புல் தீர்ந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாட்டை ஓட்டிவிட்டு, முந்தையதை ஆறப் போடுவார்கள். வேலியில் பொத்தல் விழுந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகும். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடெங்கும் வாலிபர்கள் திரண்டபோது நாட்டு மாட்டின் பெருமை மேடைதோறும் பேசப்பட்டது. அம்மாட்டைக் காத்து நின்ற வேலியைப் பற்றி அவ்வளவு பிரஸ்தாபம் இல்லை.

கிளுவை வேலி கடையில் வாங்கிவரும் சரக்கன்று. மழைக்கு முன் போத்து வெட்டி ஊன்ற வேண்டும். பட்டுப்போன இடத்தில் மறு போத்து வைக்க வேண்டும். சந்துகளில் முள் அடைத்து, உயரும் கிளைகளைக் கழித்துக் கீழ்ப்புறம் அடரச் செய்யவேண்டும். ஆடு நுழையாத வேலியாக அது முற்றுவதற்குப் பல வருஷங்கள் செல்லும். இந்த உழைப்பை யார் செய்வது? இரு பக்கத்தாரும் மாடும் பயிரும் வைத்திருந்த வரையில் இக்கேள்வி பெரிதாகவில்லை. இவருடைய மாடு அவருடைய சோளத்தில் புகுந்தால், நாளை அவருடைய மாடு இவருடைய கம்பங்காட்டில் புகும். ஆகவே இருவருக்கும் வேலி வேண்டியிருந்தது. இதைத் தர்ம சிந்தையென்று புகழ்வதைவிட, இருவருக்கும் ஒத்த நஷ்டபயம் என்று சொல்வதே சரி.

சட்டமோ இவ்விஷயத்தில் ஏறக்குறைய மௌனம் சாதிக்கிறது. பொது வேலியை இன்னார் பராமரிக்க வேண்டுமென்று வகுக்கும் பொதுச் சட்டம் நமக்கு இல்லை. 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரில் புகுந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கும் உரிமையைப் பயிர்க்காரருக்கு அளித்தது. அதாவது பாரத்தை மாட்டுக்காரர் தலையில் ஏற்றியது. பிரான்ஸ் தேசத்தில் 1804-ல் ஏற்பட்ட சிவில் சட்டம் வேறு விதமாக யோசித்தது. இரு நிலங்களைப் பிரிக்கும் உயிர்வேலி இருவருக்கும் பொதுவென்றே அது அநுமானித்தது. ஒரு நிலம் மாத்திரம் முற்றிலும் அடைக்கப்பட்டிருந்தால் அந்த அநுமானம் செல்லாது. பிரெஞ்சு ஆட்சியின்போது நமது புதுவையிலும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. அந்நியர் சட்டமாயினும் அதிலுள்ள நியாயம் குடியானவனுக்கு எளிதில் விளங்கக்கூடியதே.

இனி, சச்சரவு முற்றியதன் காரணத்துக்கு வருவோம். கதர் இயக்கத்தின் கேந்திரமாயிருந்த திருப்பூர், பின்னர் பனியன் தொழிலால் உலகமறிந்த நகரமாயிற்று. 2009-ல் தனி ஜில்லாவின் தலைநகரமும் ஆயிற்று. தொழில் வளர்ந்ததைக் குறை கூறுவோரல்ல நாம். ஆனால் பனியன் கம்பெனியின் லாபம் நிலத்தில் வந்து இறங்கியபோது, கொறங்காடுகள் மனைகளாகவும் மில்களாகவும் காற்றாலை நிலையங்களாகவும் மாறலாயின. வேலிக்கு இப்புறம் மாடு வைத்திருக்கும் குடியானவர். அப்புறம் வெளியூரில் வசிக்கும் சொந்தக்காரர். அவருக்கு மாடும் இல்லை, பயிரும் இல்லை. வேலி அவருக்கு வெறும் புதர். மனையின் அகலத்தைத் தின்னும் புதர். பொக்லைன் இயந்திரம் ஒரே பகலில் ஒரு தலைமுறை வேலியைப் பெயர்த்துவிடுகிறது. அவர் நட்டுக் கம்பி கட்டும் கல்தூண்களின் இடைவெளியில் ஆட்டுக்குட்டி தாராளமாகப் போய் வரும்.

போவது குட்டி மட்டுமல்ல, வருவது நாய். 2024, 2025 வருஷங்களில் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், செத்த ஆடுகளோடு குடியானவர்கள் ரஸ்தாவில் அமர்ந்து நஷ்டஈடு கோரியதும் வாசகர்கள் அறிந்த செய்தி. நாய்களைப் பெருகவிட்ட குற்றம் ஸ்தல ஸ்தாபனங்களைச் சேர்ந்தது. எனினும் காவலில்லாத ஆட்டுக்கு வேலியைத் தவிர வேறு துணை ஏது?

நியாயஸ்தலங்களில் வேலித் தாவாக்கள் சிக்கலாவதற்கு முக்கிய காரணம், இரண்டு வேறு விவகாரங்களை ஒன்றாகக் குழப்புவதே. எல்லை எது என்பது ஒன்று. வேலியை யார் பேணுவது என்பது மற்றொன்று. கிளுவை வேலி வயதேற ஏறப் பல அடி அகலத்துக்குப் பரவும். எல்லைக் கோடு அதன் நடுவில் போகிறதா, ஓரத்தில் போகிறதா என்று வேலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேலி நகர்ந்து 12 வருஷம் கடந்தால் அநுபவ பாத்தியம் பேசி நிலத்தையே கொண்டுபோய்விடுவார்களென்ற பயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அப்பயத்தினால், கிளை கழிக்க வந்தவரையும் நிலம் பறிக்க வந்தவராகக் கருதி அரிவாள் தூக்குகிறார்கள். 1923-ஆம் வருஷத்து சர்வே எல்லைச் சட்டம், தம் நிலத்திலுள்ள சர்வே கல்லைப் பேண வேண்டியது பட்டாதாரரின் கடமையென்று கூறுகிறது. அந்தக் கடமையை நினைப்பவர் சிலரே. கல் புதரில் மறைகிறது, உழவில் பெயர்கிறது. பிறகு இரு கக்ஷியாரும் வக்கீலைத் தேடிப் போகிறார்கள். தாலுகா ஆபீஸில் கட்டணம் செலுத்தி, இருவரும் கூட நின்று, சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நாட்டிக்கொண்டால் பாதி வழக்குகள் பிறக்கவே மாட்டா.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லாவின் வழக்கை மத்தியஸ்தத்தில் முடித்துவைத்ததும், 1920-ல் காங்கிரஸ் கோர்ட்டு பகிஷ்காரத்தோடு மத்தியஸ்த சபைகளையும் வற்புறுத்தியதும் நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பழைய ஊர்ப் பஞ்சாயத்தை அப்படியே திரும்பக் கொணர வேண்டுமென்று இதற்குப் பொருளல்ல. பெரிய நிலக்காரர் நாற்காலியில் அமர்ந்து, தாழ்த்தப்பட்டவரைத் தூர நிற்க வைத்து வழங்கிய நியாயத்தை எவரும் விரும்பார். இருவரும் சம்மதித்துப் பொறுக்கிய மத்தியஸ்தர் வேண்டும். அல்லது 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே ஸ்டாம்புச் செலவில்லை. இருவரும் ஒப்பி ஏற்பட்ட முடிவின்மேல் அப்பீலும் இல்லை.

பராமரிப்பைப் பற்றி நமது யோசனை இது. கிரயப் பத்திரத்திலும் பாகப் பிரிவினைப் பத்திரத்திலும் கிணற்றுப் பங்கையும் தடத்தையும் எழுதுகிற நாம், வேலியையும் எழுத வேண்டும்: எந்தப் பக்கத்து வேலி யாருடையது, எவ்வளவு அகலம் விடுவது, பொத்தலை யார் அடைப்பது, கழித்த முள் யாருக்குச் சேரும் என்றெல்லாம். இருபுறமும் ஆடுமாடு இருந்தால் செலவு சரிபாதி. ஒருபுறம் மாத்திரம் இருந்தால் மாட்டுக்காரர் அதிகப் பங்கு ஏற்பது நியாயமே. ஆனால் நிலத்தின் உபயோகத்தை மாற்றி, நின்ற வேலியைப் பெயர்ப்பவர், அதற்கு ஈடான அடைப்பைத் தம் செலவில் முதலில் அமைத்துவிட்டே கை வைக்க வேண்டும். கிராமக் கணக்கை வைத்திருக்கும் சர்க்கார் மனைப் பிரிவுக்கு அநுமதி அளிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக்குவதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

அதுவரை குடியானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலி பெயர்க்கப்படும் என்று தெரிந்த உடனே, அது நிற்கும்போதே தடையுத்தரவு கேட்க வேண்டும். பெயர்த்த பிறகு கிடைக்கும் டிக்கிரி பணத்தை வாங்கித் தரலாம். புதிதாக ஊன்றிய போத்து ஆட்டை மறிக்கும் உயரத்துக்கு வருமுன் அந்தக் காட்டு மாடுகள் சந்தைக்குப் போயிருக்கும்.