செவியா, கிவியா? எது மூத்தது?



போன மாசம் ஒரு தப்பு செஞ்சேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் வகுப்பு நண்பன் ஒருவன் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஒருநாள் அவன் பாட்டி, "கிவி கேளிசல்ல" என்றார். காது கேட்கலை என்று அர்த்தமாம். "நல்ல செவியைக் கிவின்னு கெடுத்துட்டீங்களேடா!" என்று சிரித்தேன். அவன் முகம் வாடிவிட்டது.

இதைத் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கரும்பலகையில் எழுதினார். முதலில் தமிழ், அடுத்து கன்னடம்:

செவி – கிவி
சேரி – கேரி
சேர் – சேரு
சிக்கு – சிக்கு

"பழைய எழுத்து எல்லாமே 'ச'தான்னு வச்சுக்குவோம். முதல் ரெண்டை மாத்தணும், கடைசி ரெண்டை விட்டுடணும்னு கன்னடத்துக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் முழித்தேன்.

விடை இதுதான். ஆதியில் க, ச என இரண்டு ஒலிகள் இருந்தன. கன்னடம் இரண்டையும் தனித்தனியாகக் காத்தது. தமிழில் இ, எ, ஏ போன்ற உயிர்கள் வரும் இடத்தில் 'க', 'ச' ஆகிவிட்டது. ஆக, மூத்த ஒலி கிவியில்தான் இருக்கிறது! தாய்ச்சொல்லை *கெவி என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். ஏட்டில் கண்டதல்ல, ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது என்பதற்கே அந்த நட்சத்திரக்குறி.

அப்படியானால் கேள், கிளி, கிணறு ஏன் மாறலை? பின்னால் ட, ண, ள, ழ போன்ற நாக்கை மடக்கும் எழுத்து வந்தால் தமிழில் 'க' பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. தெலுங்கில் அதுவும் தப்பவில்லை. நம்ம கிளி அங்கே சிலுக!

இம்மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் எழுதினார். 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். 1961-இல் பரோ, எமனோ இருவரும் திராவிட வேர்ச்சொல் அகராதி தந்தார்கள். அரபியின் சலாம், எபிரேயத்தின் ஷாலோம். நாக்குக்கு அங்கே லிசான், இங்கே லாஷோன். இப்படி 'ஸ'வுக்கு 'ஷ' வரிசையாக வருவதைப் பார்த்துத்தான் செமிட்டிய வேர்களையும் தேடுகிறார்கள்.

மறுநாள் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாட்டிகிட்ட சொல்லுடா" என்றான். சொன்னேன். பாட்டிக்குத்தான் கிவி கேளிசல்லயே! இரண்டு தடவை கத்திச் சொன்னேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, மலையாளமோ பேசுகிறீர்களா? காது, கை, கண்ணுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். யாரும் சிரிக்க மாட்டோம்!

– பத்தாம் வகுப்பு மாணவன்