போர்க்கால ஓவியத்தில் குருப்பணி

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) புகைப்படக் கலை வழக்கில் இருந்தது. ஆயினும் விரைந்து அசையும் காட்சியைப் படம்பிடிக்கவோ, எடுத்த படத்தை நேரே செய்தித்தாளில் அச்சிடவோ அன்று இயலவில்லை. ஆகவே இதழ்கள் ஓவியர்களைப் படைகளுடன் அனுப்பின. அவர்களுள் சிறந்தவர், லண்டனில் பிறந்த ஆல்பிரட் வாட். அவர் பென்சிலால் தீட்டி அனுப்பியவற்றைப் பார்த்து ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழின் கைவினைஞர் மரக்கட்டையில் செதுக்கி அச்சேற்றினர். செதுக்கும்போது மாறுதல்கள் நேர்ந்தமையால், காங்கிரஸ் நூலகத்தில் காக்கப்பட்டுவரும் மூல ஓவியங்களே நம்பகமான சான்றுகளாம்.

போர்களை மட்டுமன்றிப் பாளையத்தின் சடங்குகளையும் அவர் வரைந்தார். அவற்றுள் ஒன்று குருமார் கருத்தூன்றிக் காணத்தக்கது. 1863 ஆகஸ்டு 29ஆம் நாள், வர்ஜீனியாவில் ஐந்தாம் படைப்பிரிவைச் சேர்ந்த ஐவர், படையைவிட்டு ஓடிய குற்றத்திற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். தத்தம் சவப்பெட்டியின்மேல் அவர்கள் அமர்த்தப்பட்டனர். மற்ற வீரர்கள் அணிவகுத்து நின்று அதனைக் காண வேண்டியதாயிற்று. அச்சமூட்டி ஒழுங்கை நிலைநாட்டுவதே இச்சடங்கின் நோக்கம்.

அவ்வைவருள் புராட்டஸ்டண்டார் இருவர், கத்தோலிக்கர் இருவர், யூதர் ஒருவர். ஆதலின் மூவகைக் குருமாரும் உடன் சென்றனர். படைக்குருவாக நியமிக்கப்படுவோர் கிறிஸ்தவராகவே இருத்தல் வேண்டும் என்றிருந்த சட்டம் 1862இல்தான் திருத்தப்பட்டு, யூத ரபிகளுக்கும் இடமளித்திருந்தது. பால்டிமோர் ரபி பெஞ்சமின் சோல்டு, யூத வீரருக்காக மன்னிப்பு வேண்டி மன்றாடினார் என்றும், அது கிட்டாதபோது இறுதிவரை அவரைவிட்டு அகலவில்லை என்றும் அவரது வரலாறு கூறும்.

இங்கு எழும் வினா எளிதன்று. கொலைக்களத்தில் குரு நிற்பது சாகிறவனுக்கு ஆறுதலா? அன்றி, கொல்கிற அரசுக்கு ஆசியா? அணிவகுத்து நின்ற படையின் கண்களுக்கு அவரது செபம் தண்டனையின் ஓர் அங்கமாகவே தோன்றியிருக்கலாம். இந்த இடர்ப்பாட்டிலிருந்து எந்தக் குருவும் முற்றிலும் தப்ப இயலாது. ஆனால் வரிசைமுறை ஒன்று உண்டு: முதலில் உயிருக்காகப் பரிந்து பேசுதல், அதன்பின்னரே மரணத்தில் துணைநிற்றல். துன்மார்க்கனின் சாவில் கடவுள் மகிழ்வதில்லை என்று எசேக்கியேல் (33:11) உணர்த்துகிறார். பரிந்து பேசாமல் செபிக்க மட்டும் செல்பவர் சடங்கிற்கே பணிபுரிகிறார். பரிந்து பேசியபின் செல்பவரோ மனிதனுக்குப் பணிபுரிகிறார். சிறைப்பணிக்கும் மருத்துவமனைப் பணிக்கும் ஆயத்தமாகும் இறையியல் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நலம்.