கரிசல் வீட்டில் ஒரு கொசுவலை

கொசுவலை மாட்டப் போன இடத்தில் ஒரு கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். பந்தல்குடியில் மதினி வீடு. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. கட்டிலுக்கு மேலே வலை கட்ட வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள். டிரில்லிங் மிஷினைக் கையில் எடுத்ததும் மதினி கேட்டார்: "மழையே பெய்யாத ஊர்ல இத்தனை கொசு எங்கிட்டிருந்து தம்பி வருது?"

நியாயமான கேள்வி. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் கரிசல், நடுவில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரி. திருச்சுழிப் பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம். கண்மாய்கள் பல மாதம் வெடித்துக் கிடக்கும். கொசு என்றதும் கூவம் நினைவுக்கு வரும், தஞ்சாவூர் வயல் நினைவுக்கு வரும். இந்த ஊர் வராது.

பதில் மதினி வீட்டுக் கொல்லையிலேயே நின்றது. இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம், ஒரு சிமென்ட் தொட்டி, வரிசையாகக் குடங்கள். குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊரில் எல்லா வீட்டிலும் இதே காட்சிதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நிழலில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். வெள்ளம் பாயும் ஊரை விட, தண்ணீரைச் சேர்த்து வைக்கிற ஊர் அதற்கு வசதி.

அதன் முட்டை இன்னும் சாமர்த்தியமானது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். டிரம் காலியாகிக் காய்ந்தாலும் முட்டை சாவதில்லை; பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் பிடித்து நிரப்பும்போது நனைந்து பொரியும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து உட்சுவரைத் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். ஏடிஸ் நெடுந்தூரம் பறப்பதும் இல்லை. பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் அதன் உலகம். மதினியைக் கடித்தது மதினி வீட்டு டிரம்மில் பிறந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு டிரம்மில்.

சீமைக்கருவேலத்துக்கும் இந்தக் கதையில் ஒரு வேஷம் உண்டு. ஆண் கொசு ரத்தம் குடிப்பதே இல்லை. பெண் கொசுவும் முட்டை வளர்க்கத்தான் ரத்தம் தேடுகிறது. பறக்கத் தெம்பு தருவது பூவின் தேன்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இதே மரம் மண்டிய கிராமங்களில் பூத்த கிளைகளை வெட்டி எறிந்து பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் அங்கே வெகுவாகக் குறைந்தன. முக்கியமாக வயதான பெண் கொசுக்கள். கிருமி உடம்பில் முற்றும்வரை உயிரோடு இருக்கிற கிழட்டுக் கொசுதான் மலேரியாவைப் பரப்ப முடியும் என்பதால் இது பெரிய செய்தி. அது மாலியின் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரிமூட்டத்துக்கு மட்டுமே உதவும் என்று நாம் நினைக்கிற மரம், கொசுவுக்குச் சாப்பாட்டுக் கடையாகவும் இருக்கக்கூடும்.

சரி, வலைக்கு வருவோம். கொசுவலை என்றால் தமிழ்நாட்டில் கரூர்தான். பாலிஎத்திலீன் நூலில் நெய்த வலை அங்கிருந்து நாடெங்கும் போகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. கடையில் மூன்று விதம் இருந்தது. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் குடை வலை, நாலு மூலையும் கட்டும் சதுர வலை, கம்பி வளைத்துக் கூடாரமாக விரியும் மடக்கு வலை. குடை வலை பார்க்க அழகு. சினிமாவில் ராணிகள் தூங்குவது அதில்தான். ஆனால் பக்கங்கள் சரிந்து இறங்குவதால் படுப்பவரின் கையும் காலும் வலையில் இடிக்கும். மேலும் அதன் கொக்கி வர வேண்டிய இடத்தில் நம் வீடுகளில் ஏற்கெனவே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். மதினிக்குச் சதுர வலைதான் வாங்கினேன்.

கை இடித்தால் என்ன என்று கேட்கலாம். கொசுவின் மூக்கை ஓர் ஊசி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் உறை. உள்ளே ஆறு மெல்லிய ஊசிகள். கடிக்கும்போது உறை பின்னால் மடங்கும், ஊசிகள் மட்டும் இறங்கும். தோல் வலையோடு ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியே சாவகாசமாக உட்கார்ந்து, கண்ணி வழியே ஊசியை விட்டுக் குடித்துவிட்டுப் போகும். வலை தன் வேலையைச் செய்வது தோலுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரைதான். அகலமான வலை, தளர்வாகத் தொங்காத பக்கங்கள், சுவரோரம் படுப்பவர் உருண்டு ஒட்டிக்கொள்ளாத அளவு இடம் என்று கடைக்காரர் சொல்லாத கணக்கெல்லாம் இங்கே இருக்கிறது.

வலையின் கண்ணி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? பரவலாகக் கிடைக்கும் வலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்ணி. ஒரு கண்ணியின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொசு சிறகை விரித்துக்கொண்டு இதில் நுழைய முடியாது. இன்னும் நெருக்கமாக நெய்தால் காற்று வராது. ஏற்கெனவே வலைக்குள் காற்றோட்டம் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வெப்பநிலை அப்படியே இருந்தாலும், காற்று அடிக்காததால் வியர்வை ஆறுவதில்லை, புழுக்கம் அதுதான். சித்திரையில் அருப்புக்கோட்டைச் சீமையில் யாரும் வலைக்குள் படுக்கச் சம்மதிக்காததற்குச் சோம்பல் காரணம் இல்லை.

ஆகவே ஃபேன் வலைக்கு மேலே, வலையின் மேல்பகுதியும் வலையாகவே. ஓட்டு வீட்டுக் காலத்தில் பல்லி எச்சமும் தூசியும் விழாதிருக்க மேலே துணி வைத்துத் தைத்த வலைகள் வாங்கினார்கள். கான்கிரீட் வீட்டில் அது வேண்டாம். ஃபேன் காற்றைத் துணி மறித்துவிடும். இறக்கைக்கும் வலைக்கும் இடையே ஒன்றரை அடியாவது விட்டுக் கொக்கியின் உயரத்தைக் குறித்தேன். பழைய சுவர், சுண்ணாம்புச் சாந்து. துளை போட்டதும் மாவாகக் கொட்டியது. சுண்ணாம்பு ஊரில் வேறென்ன கொட்டும்! நீளமான பிளாஸ்டிக் பிளக்காக மாற்றி அடித்த பிறகுதான் கொக்கி நின்றது.

மேல்பகுதியைப் பற்றி இன்னொரு சங்கதி. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஆள் படுத்திருக்கும் வலையைச் சுற்றி அனாபிலிஸ் கொசு எப்படிப் பறக்கிறது என்று இருட்டில் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் படம் பிடித்து, 2015-இல் வெளியிட்டார்கள். கொசுக்கள் பக்கவாட்டில் சுற்றியதை விட, படுத்தவரின் நெஞ்சுக்கு நேர் மேலே, வலையின் கூரையில்தான் மொய்த்தன. காரணம் எளிது. நம் உடம்புச் சூட்டில் காற்று லேசாகி மேலே எழுகிறது; மூச்சில் வரும் கரியமில வாயுவும் வியர்வை வாசமும் அதோடு ஏறுகின்றன. கொசு அந்த வாசனைத் தூணைப் பிடித்து இறங்குகிறது. நாமோ பக்கத்துக் கிழிசலைத் தைப்போம், மேலே இருக்கிற ஓட்டையை அண்ணாந்தும் பார்ப்பதில்லை. வலை வாங்கினால் முதலில் விளக்குக்கு எதிரே பிடித்து மேல்பகுதியைப் பாருங்கள். ஃபேன் ஓடினால் அந்தத் தூண் கலைந்துவிடும். கொசுவும் பறப்பதில் பலவீனமானது, எதிர்காற்றில் தடுமாறும். ஃபேனும் வலையும் ஒன்றுக்கொன்று துணை.

கீழ் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திண்ணையில் அப்பத்தா படுக்கும் நார்க் கட்டிலில் அது நடக்காது. மேலே வலை கட்டினாலும், நார்ப் பின்னலின் ஓட்டை வழியே அடியிலிருந்து முதுகைக் கடிக்கும். தடித்த சமுக்காளத்தை விரித்து, அதன் அடியில் வலையை மடக்கிச் செருகினேன். "ஏண்டா, பாடையில வச்சுக் கட்டுற மாதிரி கட்டுற?" என்றார் அப்பத்தா.

வலைகளில் பைரெத்ராய்டு என்ற பூச்சிமருந்து சேர்த்தவை வேறு வகை. வலையில் உட்காரும் கொசு மருந்து பட்டுச் சாகும், வலையே பொறியாகிறது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா நோய்ப் பாதிப்புகள் 66.3 கோடி என்றும், அதில் 68 விழுக்காடு மருந்து வலைகளால் என்றும் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வந்தது. ஒரு துணிச் சமாச்சாரத்துக்கு இது அபாரமான சாதனை.

ஆனால் அது இரவில் கடிக்கும் அனாபிலிஸுக்கு எதிரான சாதனை. பந்தல்குடியில் இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ். வலை அதைத் தடுக்கும், தூக்கத்தைக் காக்கும். டெங்குக் கொசுவோ பகலில் கடிக்கிறது. காலையிலும் பொழுது சாயும் முன்னும் மும்முரமாக. விடிந்ததும் வலையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டால், அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். பகலெல்லாம் தூங்கும் கைப்பிள்ளைக்கு வலை பகலில்தான் அதிகம் தேவை.

வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு: நோயாளியிடமிருந்து கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுப்பது. அப்படிப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு வலைக்குள்தான். 1897-இல் மருத்துவர் ரோனால்ட் ராஸ் ஊட்டிக்கு விடுப்பில் வந்து, சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயப் போய், தானே மலேரியா வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், உசேன் கான் என்ற மலேரியா நோயாளியை ஒரு கொசுவலைக்குள் படுக்க வைத்து, தான் வளர்த்த கொசுக்களை உள்ளே விட்டார். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா கூலி. ஆகஸ்ட் 20-ஆம் தேதி அந்தக் கொசு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி இருந்தது. மனிதனிடமிருந்து கொசுவுக்குக் கிருமி போகிறது என்பது தெரிய வந்தது இப்படித்தான்.

டெங்குவிலும் அதே வழி. காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாள் அளவும் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அப்போது கடிக்கும் ஏடிஸ், சில நாளில் வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கு அதைக் கொண்டுபோகும். அரசு மருத்துவமனைகளின் டெங்கு வார்டில் பட்டப்பகலில் கட்டிலுக்குக் கட்டில் வலை தொங்குவது, உள்ளே இருப்பவரை விட வெளியே இருப்பவர்களுக்காக.

மதினி வீட்டில் மீந்த பழைய வலையை, மருந்து தோய்க்காதது, டிரம்மின் வாய்க்கு வெட்டிச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது காய்ச்சல் கண்டால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், அன்று பகலிலேயே அவர் கட்டிலுக்கு மேலே வலையை இறக்கி விடுங்கள்.